இசக்கிக்கு நான் சொன்ன கெட்ட செய்திகள்

ஜூன் 3, திங்கள்

பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். பெட்டியை மாடிக்கு ஏற்ற ஆள் இல்லை, நானே ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு போனேன். கீழே வகுப்பு, மேலே தங்கும் அறைகள். மொத்தம் ஒன்பது நர்சுகள். எல்லோருக்கும் இங்கிலாந்து போக வேண்டும், எல்லோருக்கும் ஆங்கிலம் தகராறு.

ரெஜினா மேடம் இருபது வருடம் அங்கே வார்டு சிஸ்டராக இருந்துவிட்டு வந்தவர். பயிற்சி, விண்ணப்பம், ஆஸ்பத்திரி பிடிப்பது எல்லாம் அவர் கை வழியாகத்தான். வந்ததும் வராததுமாக எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி, "எப்சிபா மூன்றாவது முறையாக வந்திருக்கிறாள். எப்படித் தோற்பது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு வார்த்தை விழும்.

ஜூலை 12-ஆம் தேதி ஓர் ஆங்கிலேய ஆஸ்பத்திரி வீடியோவில் நேர்காணல் நடத்துகிறது. ஒன்பது பேரில் ஐந்து பேரைத்தான் மேடம் அனுப்புவார். எனக்கு வயது முப்பத்துமூன்று. இந்த முறையும் விட்டால் அடுத்த குழுவில் சேர்க்க மாட்டேன் என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அறைத் தோழி இசக்கியம்மாள், சங்கரன்கோவில் பக்கம். ஐ.சி.யூ.வில் ஒன்பது வருடம். கணவன் லாரியோடு வடக்கே திரிகிறான். ஆறு வயதில் கோமதிஸ்ரீ என்று ஒரு மகள், நாத்தனார் வீட்டில் விட்டு வந்திருக்கிறாள். பெட்டியைத் திறந்ததும் ஒரு டப்பா சீவல் பலகாரத்தை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கிடுங்கக்கா, எங்க மைனி சுட்டது." நாத்தனாரைத்தான் மைனி என்கிறாள். சீவல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 4, செவ்வாய்

ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் கட்டிலில் ஒரு பலகை மாட்டுவோமே, 'நில் பை மவுத்' என்று. வாய் வழியாக எதுவும் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. அந்த மாதிரி பழைய தகரப் பலகை ஒன்றை மேடம் எங்கிருந்தோ கொண்டுவந்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைக் கயிறாக முறுக்கிக் கோத்து வைத்திருக்கிறார். அது கட்டிலுக்கு இல்லை, எங்கள் கழுத்துக்கு.

சட்டம் இதுதான். காலை ஆறு மணியிலிருந்து இரவு ஏழரை மணிச் சாப்பாட்டு மணி வரை வாயில் தமிழ் வரக் கூடாது. பேசினவள் கழுத்தில் பலகை. பலகை போட்டவளுக்கு வகுப்பில் இடம் இல்லை, ஆபீஸ் அறையில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். வேறு எவளாவது தமிழ் பேசி அவள் காதில் விழுந்தால் கழற்றி அந்தக் கழுத்தில் மாட்டிவிட்டு வகுப்புக்கு வரலாம். சாப்பாட்டு மணி அடிக்கும்போது பலகை யாரிடம் இருக்கிறதோ அவள் பெயருக்கு நேரே கரும்பலகையில் ஒரு கோடு. பலகையோடு தமிழ் பேசினால் இரண்டு கோடு. மாதக் கடைசியில் கோடு குறைந்த ஐந்து பேருக்கு நேர்காணல்.

எழுதுவதற்குத் தடை இல்லை. அதனால்தான் இந்த நோட்டு.

ஜூன் 5, புதன்

முதல் கோடு இசக்கிக்கு. குளியலறையில் வழுக்கி "யாத்தா" என்றாள். வெளியே ஷைனி பலகையோடு காத்துக்கொண்டு நின்றாள். இந்த ஷைனி மார்த்தாண்டத்துக்காரி, சோற்றுக்கு வரிசையில் நிற்பதுபோல் ஒவ்வொரு கதவாக நிற்கிறாள்.

ஜூன் 7, வெள்ளி

நான் ஏன் இரண்டு முறை தோற்றேன் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. நான் படித்தது புத்தக ஆங்கிலம். வாந்தி என்றால் வாமிட், மயக்கம் என்றால் ஃபெயின்ட். அங்கே நோயாளி அப்படிச் சொல்வதில்லையாம். த்ரோ அப் என்பான், பாஸ் அவுட் என்பான். வயிறு தொந்தரவு செய்தால் ப்ளேயிங் அப் என்பான். வயிறு என்ன விளையாடுகிறது என்று நான் முழித்துக்கொண்டு நிற்பேன்.

வெள்ளைக்காரன் ஒரு சின்ன வினையைப் பிடித்து அதற்கு ஒரு வாலை மாட்டிவிடுகிறான். வால் மாறினால் ஆளே மாறிவிடுகிறது. கெட் அப் எழுந்திருப்பது, கெட் ஆன் ஒத்துப்போவது, கெட் ஓவர் தேறி வருவது, கெட் அவே வித் என்றால் தப்புச் செய்துவிட்டு மாட்டாமல் போவது. ஒரு நாளைக்குப் பதினைந்து. நான் இவற்றுக்கு வாலுகள் என்று பெயர் வைத்திருக்கிறேன். இசக்கி ஒவ்வொரு வாலையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு தட்டுக் கழுவுகிறாள், கழுவி முடிப்பதற்குள் எல்லாம் சாக்கடையில் போய்விடுகிறது.

ஜூன் 11, செவ்வாய்

போன் வாலுகள். ஹோல்ட் ஆன் காத்திருப்பது, புட் த்ரூ இணைப்புக் கொடுப்பது, ஹேங் அப் போனை வைப்பது, கட் ஆஃப் துண்டிப்பது. ஆபீஸ் போனை ஆங்கிலத்தில்தான் எடுக்க வேண்டும், யார் கூப்பிட்டாலும். எங்கள் செல்போன்கள் மேடத்தின் பீரோவில் இருக்கின்றன; சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கையில் கிடைக்கும்.

இன்று பலகை என்னிடம். ஷைனியின் அப்பா கூப்பிட்டார். நான் அழகாக "ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்றேன். "மன்னிக்கணும், நம்பர் தெற்றிப் போச்சு" என்று, தப்பான எண் என நினைத்து வைத்துவிட்டார். மூன்று தடவை கூப்பிட்டார், மூன்று தடவையும் அப்படியே. மேடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெரி குட்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் சமையல்கார அக்காவிடம் ஷைனி தமிழில் உப்புக் கேட்டு மாட்டினாள். எனக்குக் கோடு இல்லை.

ஜூன் 14, வெள்ளி

அம்மா போனில். "ஏட்டி, பியூலா வீடு மாத்திட்டாளாம். ஜன்னல் வழியா தோட்டம் தெரியுதாம். இந்தத் தடவயாவது பாத்துச் செய்யி." என் தங்கை பியூலா என்னைவிட ஐந்து வயது இளையவள். முதல் முறையிலேயே தேறி லீட்ஸில் இருக்கிறாள். நான்தான் அவளுக்கு ஊசி போடக் கற்றுக் கொடுத்தேன், தலையணையில். அம்மாவிடம் அதைச் சொல்லிப் பயன் இல்லை, சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று செய்ததை மறைக்கப் போவதில்லை.

எனக்கு மூன்று கோடு, இசக்கிக்கு மூன்று. மதியத்திலிருந்து பலகை என் கழுத்தில். எல்லோரும் உஷாராகிவிட்டார்கள், எவளும் வாயைத் திறப்பதில்லை. ஐந்து மணிக்கு வகுப்பு வாசலில் போய் நின்று, "இசக்கி, உன் வீட்டிலிருந்து போன், உன் மகள் மாடிப்படியில் ஃபெல் டவுன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யாத்தா, எம்புள்ளைக்கு என்னாச்சி" என்று நோட்டை எல்லாம் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஓடி வந்தவள் கழுத்தில் மாட்டினேன்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஷைனி சிரித்தாள், அப்புறம் எல்லோரும். மேடம் கரும்பலகையில் மேக் அப் என்று எழுதி, இல்லாததைக் கட்டிச் சொல்வது என்று விளக்கினார். ஃபால் ஃபார் என்று எழுதி, அதை நம்பி ஏமாறுவது என்றார். என்னையும் இசக்கியையும் வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னார். ஒன்பது பேரும் சொன்னோம். இசக்கியும் சொன்னாள், அவளுக்கு இன்றைக்கு வாக்கியம் தப்பில்லாமல் வந்தது.

ஜூன் 19, புதன்

இசக்கி நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்குப் பேசிவிட்டு வந்து, "கோமு நல்லாருக்கா, அப்பளம் கேட்டு அடம்பிடிக்காளாம்" என்றாள். கோபம் இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். ஒரு அறை விட்டிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும்.

இன்று அதே நேரத்தில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள்: "எக்கா, எனக்கு ஒரு ஒதவி. தெனமும் எங்கிட்ட ஒரு கெட்ட சேதி சொல்லுங்க. திடீர்னு சொல்லணும், நான் நெனைக்காத நேரத்துல. நான் இங்கிலீசுலயே பதில் சொல்லிப் பழகணும். தேர்வுலயும் கெட்ட சேதி சொல்லுத பாடம் வருதுல்லா."

"நெசமாவா கேக்க?" என்றேன்.

"நெசமாத்தான். கோமுவ மட்டும் சொல்லாதிய. மத்த யாருன்னாலும் சரி."

ஜூன் 21, வெள்ளி

காலை பல் தேய்க்கும்போது: உன் மாமனார் இறந்துவிட்டார். இசக்கி வாயில் நுரையோடு, "ஓ டியர், வென் டிட் ஹி பாஸ் அவே?" என்றாள். மதியம்: உன் வீடு தீப்பிடித்தது. "டிட் தே புட் இட் அவுட்?" அணைத்துவிட்டார்களா என்று கேட்கிறாள், நல்ல பதில். எனக்கு இது பிடித்துப்போய்விட்டது. வகுப்பில் உட்கார்ந்து அடுத்ததாக யாரைச் சாகடிக்கலாம் என்று யோசிக்கிறேன்.

ஜூன் 22, சனி

அவளுடைய அண்ணனை மோட்டார் பைக்கில் கொன்றேன். கிணற்றை வற்ற வைத்தேன். கணவனுக்கு நாக்பூரில் இன்னொரு பெண்டாட்டி கட்டி வைத்தேன். அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு, "ஐ வில் ஸார்ட் இட் அவுட்" என்றாள், நான் சரிசெய்துகொள்கிறேன் என்று.

அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட வேகமாக ஏறுகிறது. கையில் எழுதுவதையும் நிறுத்திவிட்டாள். மேடம் இன்று அவளை எல்லோர் முன்னாலும் பேசவைத்துக் கைதட்டச் சொன்னார்.

ஜூன் 25, செவ்வாய்

கோமுவைச் சொன்னேன். வேறு எதற்கும் அவள் அசைவதில்லை, பயிற்சி என்றால் முழுப் பயிற்சியாக இருக்க வேண்டாமா. பலகையும் என்னிடம்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் பின்னாலிருந்து மெதுவாக, "கோமுவுக்கு வலிப்பு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்" என்றேன், ஆங்கிலத்தில். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. வாய் மட்டும், "ஷி வில் புல் த்ரூ" என்றது. பிழைத்து வந்துவிடுவாள் என்று அர்த்தம்.

பலகை என் கழுத்திலேயே தங்கியது. நான்காவது கோடு. அவளுக்கும் நான்கு.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு, "சொல்லாதியன்னு சொன்னேம்லாக்கா" என்றாள். அவ்வளவுதான். பிறகு போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். பத்து நிமிடமும் மகள் குரலையே கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

ஜூன் 27, வியாழன்

மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. துணி துவைத்தேன். வேர் ஆஃப்: மருந்தின் வேகம் குறைவது. கம் ரவுண்ட்: மயக்கம் தெளிவது. கம் டவுன் வித்: காய்ச்சல் கீய்ச்சல் வந்து படுப்பது.

இசக்கி சாப்பாட்டுக்குப் பிறகு, கோமுவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், நாத்தனார் கஷாயம் கொடுக்கிறாள் என்று சொன்னாள். ஊரில் நிறையப் பேருக்குக் காய்ச்சலாம். ரத்தம் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறாளாம். சனிக்கிழமை முடிந்ததும் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்து வரப் போகிறாள்.

ஜூன் 28, வெள்ளி

கரும்பலகையில் நிலவரம்: நான்கு பேர் எங்களுக்கு எட்டாத தூரத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள். மூன்று பேர் கோடு கூடி ஏற்கெனவே வாய்ப்பை இழந்துவிட்டார்கள், ஷைனி உட்பட. நடுவில் நானும் இசக்கியும், நாலு நாலு. ஐந்தாவது இடம் ஒன்றுதான். நாளை கடைசி நாள். இன்று மணி அடிக்கும்போது பலகை அந்த நான்கு பேரில் ஒருத்தியான மல்லிகாவிடம் இருந்தது.

ஜூன் 29, சனி

காலை ஏழு மணிக்கே பலகை என்னிடம் வந்துவிட்டது. பால் பொங்கிக் கையில் ஊற்றிவிட்டது, "அய்யோ" என்றேன். அது தமிழா என்று மல்லிகாவிடம் ஆங்கிலத்தில் வாதாடினேன். மேடம், தமிழ்தான் என்று சொல்லிவிட்டு மதுரைக்குக் கிளம்பிப் போனார், தேர்வுப் பதிவு வேலையாக. சாப்பாட்டு மணிக்குள் வந்துவிடுவாராம்.

நடந்ததை நேரத்தோடு எழுதுகிறேன். பிறகு யாராவது கேட்டால் தெளிவாக இருக்க வேண்டும்.

11.10. ஆபீஸ் போன் அடித்தது. நான் எடுத்து, "குட் மார்னிங், ஹௌ மே ஐ ஹெல்ப் யூ" என்றேன். ஒரு பெண் குரல்.

"இசக்கி இருக்காளாம்மா? நான் அவ மைனி பேசுதேன். புள்ளைக்கு நாலு நாளா காச்ச. இன்னைக்கு விடியக்காலையில காச்ச விட்டுட்டு. ஆனா கையி காலு எல்லாம் சில்லுனு கெடக்கு. வயிறு வலிக்குன்னு சுருண்டு படுத்துருக்கா, ஒண்ணுக்கும் போகல. இங்க ஊசி போடுதவரு, காச்சதான் விட்டுட்டுல்லா, ஒண்ணுமில்லங்காரு. என்ன செய்யணும்னு அவகிட்ட கேட்டுச் சொல்லுங்கம்மா."

"ஹோல்ட் ஆன் ப்ளீஸ்" என்றேன்.

"என்னம்மா சொல்லுதிய?"

"ஐ வில் பாஸ் ஆன் தி மெசேஜ்" என்றேன், செய்தியைச் சொல்லிவிடுகிறேன் என்று.

"எனக்கு வெளங்கலயே தாயி. அவள கூப்பிடுங்களேன்." பின்னால் குழந்தை முனகுவது கேட்டது. நான் மறுபடியும் அதையே நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

பலகை கழுத்தில் இருந்தது. தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு கோடு. அந்த அறையில் வேறு யாரும் இல்லையே என்று கேட்கலாம். கதவு திறந்துதான் இருந்தது, மல்லிகா வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

11.20. வகுப்புக்குப் போய் இசக்கியிடம் சொன்னேன். சொன்னேன் என்பதற்கு ஆறு பேர் சாட்சி. "இசக்கி, யுவர் சிஸ்டர் இன் லா ரேங் அப். யுவர் டாட்டர் இஸ் நாட் வெல்" என்றேன். அவள் முகம் ஒரு கணம் செத்துப்போனது. பிறகு என் கழுத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"யூ மேட் இட் அப், சிஸ்டர். ஐ வோன்ட் ஃபால் ஃபார் இட்."

இரண்டு வால், ஒரு பிழை இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அங்கேயே நின்றேன். அவள் திரும்பி, கட்டிலில் நோயாளியாகப் படுத்திருந்த ஷைனியிடம் பாடத்தைத் தொடர்ந்தாள்.

காய்ச்சல் விட்டது, கைகால் சில்லிட்டிருக்கிறது என்பதை எல்லாம் விவரமாகச் சொல்ல அந்த நேரத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அப்படியே எழுதி வைக்கிறேன், வரவில்லை.

1.15. சாப்பாட்டில் மறுபடி சொன்னேன். "ரிங் அப் யுவர் ஹவுஸ், இசக்கி." அவள் என் தட்டில் ஓர் அப்பளம் வைத்து, "கிவ் அப், சிஸ்டர்" என்றாள், விட்டுவிடுங்கள் என்று. இரண்டு முறை சொல்லியாயிற்று. ஒருத்திக்கு இதற்கு மேல் எத்தனை முறை சொல்வது? காய்ச்சல் விட்டது என்பது நல்ல செய்திதானே என்று நினைத்துக்கொண்டேன்.

போன் நோட்டிலும் எழுதியிருக்கிறேன். 11.10, இசக்கி வீடு, குழந்தைக்குச் சுகமில்லை, தெரிவிக்கப்பட்டது.

4.40. கேட்டில் ஒரு மோட்டார் பைக். இசக்கியின் அண்ணன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். இசக்கி மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள், அவசரம் இல்லாமல். நான் அவள் பின்னால் படியில் நின்றேன்.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றான் அவன்.

"வாட் ஹேப்பன்ட்?" என்றாள் அவள். அண்ணனிடம் ஆங்கிலம் பேசுகிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"கோமு போயிட்டாட்டி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாற வழியில. டெங்குங்காங்க. கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தா ட்ரிப்ஸ் போட்டுப் பாத்துருக்கலாமாம். ஒம் மைனி காலையிலேயே போன் அடிச்சிருக்கா. யாரோ இங்கிலீசுல பேசிட்டு வச்சிட்டாங்களாம்."

இசக்கி தமிழில் கத்தினாள். என்ன வார்த்தைகள் என்று எழுத மாட்டேன். தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஷைனி ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்து, "சேச்சி, சேச்சி, இரிங்க" என்று அழுதாள். ஷைனிக்குக் கோட்டைப் பற்றி இனிக் கவலை இல்லை.

என் கை கழுத்துக்குப் போனது. கயிற்றைப் பிடித்தது. அவ்வளவுதான், பிறகு கையை எடுத்துவிட்டேன். அவள் கழுத்தில் நான் மாட்டவில்லை. அப்படிப்பட்டவள் இல்லை நான்.

பைக்கில் அண்ணனுக்குப் பின்னால் அவளை உட்காரவைத்துத் துப்பட்டாவை முடிந்துவிட்டது நான்தான். அவள் செருப்புப் போடவில்லை.

7.30. மேடம் வந்து மணி அடித்தார். பலகை எங்கே என்று கேட்டார். தேடினார்கள். எங்கள் அறையில், இசக்கியின் கட்டிலில், தலையணைப் பக்கம் இருந்தது. மேடம் நடந்ததைக் கேட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லோரையும் நிற்கவைத்து ஜெபம் செய்தார். ஜெபம் முடிந்ததும் சாக்பீசை எடுத்து, இசக்கி பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

எல்லோரும் சாவு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எனக்குத் தலைவலி. கையில் பால் கொட்டிய இடமும் கொப்புளித்திருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

பட்டியல் ஒட்டினார்கள். ஐந்தாவது பெயர் எப்சிபா ஞானதுரை.

மேடம் கூப்பிட்டு அந்த போனைப் பற்றிக் கேட்டார். நோட்டைக் காட்டினேன். இரண்டு முறை சொன்னதையும் சொன்னேன். ஷைனி உட்பட எல்லோரும் ஆமாம் என்றார்கள். "யூ டிட் யுவர் டியூட்டி" என்றார் மேடம். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

ஐந்து பேருக்கும் பலகை தொடர்கிறது. இனிக் கோடு விழுந்தால் நேர்காணல் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். பியூலாவுக்கு உடனே சொல்லிவிட்டாளாம்.

ஜூலை 3, புதன்

எதிர்க் கட்டில் காலி. சீவல் டப்பா அவள் அலமாரியிலேயே இருக்கிறது. எறும்பு வருகிறது, எடுத்து வெளியே வைத்தேன்.

ஜூலை 6, சனி

மூன்று மணி இருக்கும். இசக்கி பெட்டி எடுக்க வந்தாள். அண்ணன் கேட்டிலேயே நின்றுகொண்டான். அவள் யாரிடமும் பேசாமல் மேலே வந்தாள். புடவைகளை மடிக்காமல் பெட்டிக்குள் போட்டாள். நான் என் கட்டிலில் வாலுகளை எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்கலாமா என்று யோசித்தேன்.

பெட்டியைப் பூட்டிவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு போன்ல மைனி என்ன சொன்னா? கையி காலு சில்லுனு இருக்குன்னு சொன்னாளா?"

வாசலில் மல்லிகா வந்து நின்றாள். அவள் கழுத்தில் பலகை. இசக்கியைப் பார்க்கத்தான் வந்திருப்பாள். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐ டோன்ட் ரிமெம்பர்" என்றேன்.

"மைனி சொன்னேன்னு சொல்லுதா. வயிறு வலிக்குன்னும் சொன்னாளாம். டெங்குல காச்ச விடும்போதுதான ஆபத்து, நாம எத்தன புள்ளைய பாத்துருக்கோம், ஒங்களுக்குத் தெரியாதா அது என்னன்னு?"

"ஐ டோல்ட் யூ, இசக்கி. ட்வைஸ்."

அவள் பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தமிழ்ல சொல்லுங்கக்கா. ஒரே ஒரு தடவ. அப்புறம் ஒங்கள நான் ஒண்ணுமே கேக்க மாட்டேன்."

நேர்காணலுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அவளுக்கு என்ன, அவள் வெளியாள் ஆகிவிட்டாள், எந்த மொழியிலும் பேசலாம்.

"ஐ ஆம் ஸாரி ஃபார் யுவர் லாஸ்" என்றேன். துக்கம் விசாரிக்கப் பாடத்தில் உள்ள வாக்கியம் அது.

கையை விட்டாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மல்லிகா பின்னாலேயே போய்க் கேட் வரை அவளோடு பேசினாள். மேலே எனக்குக் கேட்டது, தமிழில்தான் பேசினாள். பலகையோடு பேசினதால் இரண்டு கோடு. மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

லெட் டவுன்: நம்பினவரைக் கைவிடுவது. ஓன் அப்: தப்பை ஒப்புக்கொள்வது. மேக் அப் ஃபார்: அதற்கு ஈடுசெய்வது. லிவ் வித்: அதைச் சுமந்துகொண்டு வாழ்வது. நான்கும் மனப்பாடம்.

மல்லிகா என்னிடம் பேசுவதில்லை. மேடம் இன்று வகுப்பில் என்னைத்தான் உதாரணத்துக்குப் பேசவைத்தார்.

ஜூலை 12, வெள்ளி

தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மல்லிகா, நான், இன்னும் இரண்டு பேர். செப்டம்பரில் பயணம். அம்மா எங்கள் ஊர் நாசரேத்தில் தெரு முழுக்க லட்டு கொடுத்திருக்கிறாள். பியூலா கூப்பிட்டு, "சூப்பர்க்கா" என்றாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

நேர்காணலில் திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாதான் பெரியவர். மருந்து அளவு கேட்டார்கள், தொற்றுத் தடுப்பு கேட்டார்கள், தடுமாறாமல் சொன்னேன். கடைசியாக அந்த அம்மா, ஒரு குடும்பத்துக்கு நீங்கள் கெட்ட செய்தி சொல்ல நேர்ந்த சமயம் ஒன்றை விவரியுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரியில் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டு வருட வேலை. ஆனால் வாயைத் திறந்ததும் இசக்கிதான் வந்தாள். ஓர் இளம் தாய், ஆறு வயது மகள், டெங்கு என்றேன். தாயைத் தனியறைக்கு அழைத்துப் போனேன், கதவைச் சாத்தினேன், அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன் என்றேன். அவளுடைய தாய்மொழியில், ஒவ்வொரு அறிகுறியாக, கைகால் சில்லிட்டதையும் வயிற்று வலியையும் விளக்கினேன் என்றேன். ஷி ப்ரோக் டவுன், ஐ காம்ட் ஹெர் டவுன்: உடைந்து அழுதாள், நான் தேற்றினேன். எல்லா வாலும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. இந்த இரண்டு வருடத்தில் நான் இவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசியதில்லை.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தத் தாய்க்கு நீங்கள் கிடைத்தது பாக்கியம் என்றார். பிறகு குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, கடைசியில் அந்தத் தாய் உங்களிடம் என்ன சொன்னார் என்று கேட்டார்.

நன்றி சொன்னாள் என்றேன்.